யாருக்கு லீவு?

ஏப்ரல் 14. காலண்டர்ல சிவப்பு எழுத்து. எங்கம்மா அன்னைக்கும் விடியக்காலம் நாலு மணிக்கு விளக்குமாறோட கிளம்பும். ஒப்பந்தத்தில் தெருக் கூட்டும் வேலை. போகலேன்னா அன்னைக்குக் கூலி இல்ல. "அரசாங்க லீவுதானேம்மா?"ன்னு சின்ன வயசில கேட்டேன். "குப்பைக்கு ஏதுடா லீவு?"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

இங்கே நடக்கிற சண்டையோ வேறு. புத்தாண்டு தையிலா, சித்திரையிலா? தை முதல் நாளே புத்தாண்டு என்று 2008ல் சட்டம் போட்டார்கள். 2011ல் அதை நீக்கிச் சித்திரைக்கே திரும்பினார்கள். பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்களும் சமஸ்கிருதம். அது பார்ப்பனியத்தின் ஆண்டுக்கணக்கு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தை மட்டும் யாருடையது? உழவர் திருநாள் என்கிறோம். உழைத்த கூலியை உயர்த்திக் கேட்டதற்குத்தானே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்? அடுத்த மூன்றே வாரத்தில் தை பிறந்தது. கரிந்துபோன அந்தச் சேரியில் யார் பொங்கல் வைத்திருப்பார்கள்?

இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஓரமாய்த் தள்ளிவைக்கிற செய்தி ஒன்று உண்டு. 1891ல் அம்பேத்கர் பிறந்ததும் இதே ஏப்ரல் 14தான். தமிழக அரசு 2022ல் அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்தது. மாலை விழுகிறது, உறுதிமொழி எடுக்கிறார்கள். நாமும் ஊர்வலம் போகிறோம், நானும் போனவன்தான். உதிர்ந்த பூவையும் கிழிந்த தோரணத்தையும் கூட்டி அள்ளுவது எங்கம்மா.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டத்திருத்தம் 1945ல் வந்தது அவர் பொறுப்பில்தான். அவர் பிறந்த நாளிலேயே அவர் சனத்துக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது. இதைவிட அவரை அவமதிக்க முடியுமா?

தோழர்களே, வருசம் எந்த மாசத்தில் பிறக்கணும்னு பட்டிமன்றம் நடத்துவது நம்ம வேலை இல்ல. தினக்கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அன்றைய கூலியோடு லீவு கொடு என்று கேட்போம். சிலைக்கு மாலை போடும் கையோடு இந்தக் கோரிக்கையையும் நகராட்சி வாசலில் வைப்போம். அதுவரைக்கும் இது மாசச் சம்பளக்காரங்க பண்டிகை. பொதுவிடுமுறை என்று சொல்லாதீங்க. அந்தப் 'பொது'வுக்குள்ள எங்கம்மா இல்ல.