பென்னட் வீட்டுக் கணக்கு

காதல் கதைன்னு நீங்க ஒதுக்கி வெச்சிருக்கிற ஒரு நாவலை இன்னைக்கு ஆடிட்டர் கண்ணோட பார்ப்போமா? ஜேன் ஆஸ்டின் எழுதின 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. 1813-ல இங்கிலாந்துல வந்தது, 200 வருஷம் தாண்டியும் விற்குது. டார்சியோட கம்பீரம்தான் காரணம்னு பலர் சொல்வாங்க. என் கருத்து வேற. காதல்னு வந்துட்டா நாம பேசத் தயங்குற பண விஷயத்தை ஆஸ்டின் நம்பரோட சொல்லிடறாங்க.

டார்சிக்கு வருஷ வருமானம் 10,000 பவுண்டு. கதாநாயகி எலிசபெத்தோட அப்பா பென்னட்டுக்கு 2,000. நல்ல தொகைதான். ஆனா அவரோட எஸ்டேட் ஆண் வாரிசுக்கு மட்டும்தான் போகும். அவருக்கோ 5 பெண்கள். அவர் கண்ணை மூடினதும் எல்லாம் சொந்தக்காரர் காலின்ஸுக்கு. ஆக, அந்த 2,000 நம்ம சம்பளம் மாதிரிதான். ஆள் இருக்கிற வரைக்கும் வரும்.

பென்னட் கடன் வாங்கல, வருமானத்துக்குள்ளதான் செலவு செஞ்சார். ஆனா சேமிப்பு பூஜ்யம். பையன் பிறப்பான், எல்லாம் சரியாகிடும்னு இருந்தார். பிறக்கல. அப்புறம் சேமிக்க ஆரம்பிக்க நேரம் கடந்துடுச்சுன்னு விட்டுட்டார். 'அடுத்த இன்க்ரிமெண்ட் வரட்டும் சார்'னு என்கிட்ட சொல்றவங்க முகம்தான் ஞாபகத்துக்கு வருது.

படிக்கிறவங்க சிரிக்கிறது என்னவோ அவர் மனைவியைப் பார்த்துத்தான், கல்யாணப் பைத்தியம்னு. செலவாளிதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த வீட்டுல ஆபத்தை நினைச்சு வாய்விட்டுப் புலம்பினது அவங்கதானே? அப்பா லைப்ரரியில உட்கார்ந்து கிண்டல் பண்ணிட்டிருந்தார். முதல் தடவை படிச்சப்ப நானும் அவரைத்தான் ரசிச்சேன். சிஏ முடிச்சு நாலு குடும்பக் கணக்கைப் பார்த்தப்புறம் முடியல.

காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே, 'உனக்கு வரப்போறது 4 சதவீத வட்டியில 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்கு அப்புறம்'னு குத்திக் காட்டறார். வருஷத்துக்கு 40 பவுண்டு! அவ வேண்டாம்னுடறா. அப்புறம் 10,000 பவுண்டு டார்சி வந்து கேட்கறப்பவும் வேண்டாம்னுடறா. அந்த 40 நமக்குத் தெரியலைன்னா இந்த மறுப்புல என்ன இருக்கு? அவ தோழி ஷார்லட், 27 வயசு, அதே காலின்ஸைக் கட்டிக்கிறா. தலைக்கு மேல ஒரு கூரை வேணும்னு. அவளைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல.

இவ்வளவு கணக்கு தெரிஞ்ச ஆஸ்டின், இந்த நாவலோட உரிமையைப் பதிப்பாளருக்கு 110 பவுண்டுக்கு மொத்தமா வித்துட்டாங்க. 150 கிடைச்சிருந்தா தேவலைன்னு தோழிக்குக் கடிதம் எழுதினாங்க. 1813-லேயே ரெண்டாவது பதிப்பும் வந்துடுச்சு. அதுல அவங்களுக்கு ஒரு பென்னி கூட இல்ல.