கோச்சியும் கோச்சும்

எங்கள் பேச்சுத் தமிழில் புகையிரதத்துக்குக் கோச்சி என்று பெயர். விளையாட்டுத் திடலில் பயிற்றுநரைக் கோச் என்கிறோம். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் வழி வந்தவை. ஹங்கேரி நாட்டில் கோச் என்னும் ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில், தங்களைப் பரீட்சையில் கரைசேர்த்துவிடும் தனி ஆசிரியரை இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த வண்டியின் பெயராலேயே வேடிக்கையாக அழைத்தார்கள். பின்னர் அச்சொல் விளையாட்டுக்கும், அங்கிருந்து தொழில் வாழ்க்கைக்கும் பரவியது.

இந்த வேடிக்கைக்குள் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. வண்டியில் ஏறி அமர்ந்தவனுக்கு வேறு வேலை இல்லை. வண்டி கொண்டுபோய்ச் சேர்க்கும். பயிற்றுநரை நாடுவோரில் பெரும்பாலோர் அந்த எண்ணத்துடனேயே நாடுகிறார்கள். பணம் கட்டினோம், அமர்ந்தோம், இனி அவர் பாடு என்று இருந்துவிடுகிறார்கள். பயிற்சியால் பயன் விளையாமற் போவதற்கு முதற் காரணம் இதுவே என்பது என் கருத்து.

தனிப் பயிற்றுநர் என்னும் தொழில் மேற்குலகில் வேரூன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. டெனிஸ் ஆட்டக்காரனின் உண்மையான எதிரி வலைக்கு அப்பால் அல்ல, அவனுடைய தலைக்குள் இருக்கிறான் என்று டிமதி கால்வே 1974இல் ஒரு நூலில் எழுதினார். அக்கருத்தை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் ஜோன் விட்மோர். அவருடைய நூல் 1992இல் வெளிவந்தது. 1995இல் பயிற்றுநர்களுக்கென ஒரு சர்வதேசச் சம்மேளனமும் அமெரிக்காவில் அமைந்தது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மட்டுமன்றிக் கொழும்பிலும் இத்தொழிலைச் செய்வோர் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி வழியாக அது வன்னிக்கும் வந்துவிட்டது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றை எடுத்துக்கொள்வோம். 1990இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், 2009இல் முடிந்த போரில் அனைத்தையும் இழந்து முகாம்களுக்குச் சென்று திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும் வாழ்க்கையை அடியிலிருந்து தொடங்கவேண்டிய நிலை வந்தது. மீள்குடியேற்றத்துடன் செயலமர்வுகளும் வந்தன. தலைமைத்துவம், சுயதொழில், ஆளுமை விருத்தி என்று தலைப்புகள் பலவாயின. காலையில் மங்கல விளக்கு, நடுவே வளவாளரின் உரை, மதியம் சோற்றுப் பொதி, மாலையில் சான்றிதழ். மறுநாள் அதே கடன், அதே சந்தை, அதே தயக்கம்.

செயலமர்வைப் பழிப்பது என் நோக்கமன்று. செயலமர்வு வேறு, தனிப் பயிற்சி வேறு என்பதே நான் சொல்லவருவது. வளவாளர் நாற்பது பேருக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பயிற்றுநர் ஒருவருடைய வேலையைப் பலமுறை பார்த்து, அவருக்கு மட்டும் உரியதைச் சொல்கிறார். முன்னதில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பின்னதில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.

இது எமக்கு அந்நியமான ஏற்பாடும் அன்று. தண்ணீரூற்றை அடுத்த முள்ளியவளை, கோவலன் கூத்துக்குப் பேர்போன மண். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மேடைக்கு வந்து ஆடுவதில்லை, ஆடுபவனை ஆடவைக்கிறார். பகலில் வயலிலோ கடலிலோ வேலை செய்தவன் இரவில் களரிக்கு வந்து, தன் பங்குப் பாட்டைப் பாடிக் காட்டவேண்டும். தாளம் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்துவார். பாட்டை மனனம் செய்யாது வருபவனுக்கு எப்பேர்ப்பட்ட அண்ணாவியாராலும் உதவமுடியாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை வளாகத்தில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை வரவழைத்தார். பட்டப் படிப்புப் படித்தவர்கள் கிராமத்துக் கலைஞரின் முன் கால் பிசகி, திருத்தப்பெற்று, மீண்டும் ஆடினார்கள். பிசகைக் காட்டத் துணிந்ததால்தான் அவர்களுக்கு ஆட்டம் வந்தது.

ஆகவே, பயிற்றுநரிடம் செல்பவர் முதலிற் செய்யவேண்டியது, தம் வேலையை உள்ளபடி அவர் கண்ணிற் படச்செய்வது. வேலையைப் பற்றிக் கதைப்பது போதாது. அமெரிக்காவிலுள்ள இந்திய வம்சாவளி அறுவைச் சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே 2011இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குத் தக்க சான்று. எட்டு ஆண்டு அனுபவத்தின் பின் தம் திறமை வளராது நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தமக்கு முன்னர் கற்பித்த, ஓய்வுபெற்ற நிபுணர் ஒருவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே அழைத்துத் தம்மைக் கவனிக்கச் சொன்னார். முழங்கை மேலெழுவதும், விளக்கொளி காயத்தை விட்டு விலகிப்போனதைத் தாம் கவனியாததும் அன்றுதான் அவருக்குத் தெரியவந்தன. வாயாற் சொல்லியிருந்தால் இவை வெளிப்பட்டிருக்குமா? தம் கண்ணுக்குத் தெரியாத குறையை ஒருவர் எப்படி வாயாற் சொல்வார்?

இதைத் தண்ணீரூற்றில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பார்ப்போம். "வியாபாரம் சரியில்லை" என்று அவர் தொலைபேசியிற் சொன்னால், பயிற்றுநரும் பொதுவாக நாலு ஆறுதல் வார்த்தை சொல்லுவார். வரவு செலவுக் கொப்பியையும், தைத்துக் கொடுத்துக் காசு வராத சட்டைகளின் கணக்கையும் முன்னே வைத்தால் பேச்சின் போக்கே மாறிவிடும். குறை துணியிலா, விலையிலா, கடனுக்குக் கொடுப்பதிலா என்பது அப்போதே தெரியும். புலம்பெயர்ந்த உறவினர் பலர் இன்று வன்னி இளைஞருக்கு வாரந்தோறும் தொலைபேசியில் வழிகாட்ட முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டுப் புதினத்திலேயே அந்த நேரம் கழிந்துவிடாதிருக்க, அழைப்புக்கு முன் கொப்பியை அனுப்பிவைப்பது இளைஞரின் பொறுப்பு.

இரண்டாவது, நோக்கம் ஒன்றாகவும் அளந்து பார்க்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும். "முன்னேற வேண்டும்" என்பது நோக்கமாகாது. "தைப்பொங்கலுக்கு முன் நிலுவைக் காசில் பாதியை அறவிடவேண்டும்" என்பது நோக்கம். விட்மோரின் நூல் பரப்பிய முறையும் சாரத்தில் நான்கு கேள்விகளே: எங்கே போகவேண்டும்? இப்போது எங்கே நிற்கிறோம்? என்ன வழிகள் உண்டு? எதை, எப்போது செய்யப்போகிறோம்? நான்காவது கேள்விக்கு நாள் குறித்து விடை சொல்லாமல் எழுந்து போனால், அன்றைய சந்திப்பு வெறும் பேச்சே.

மூன்றாவது, பயிற்சி நிகழ்வது சந்திப்பு நேரத்திலன்று. இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலுள்ள நாட்களில். ஒப்புக்கொண்ட ஒரு காரியத்தைச் செய்து பார்த்து, முடிவு நல்லதாயினும் கெட்டதாயினும் எழுதிக்கொண்டு போகவேண்டும். ஒரு முறையைக் கைக்கொண்டால் அதற்குரிய காலமும் கொடுக்கவேண்டும். சென்னையைச் சேர்ந்த சதுரங்க வீரர் குகேஷ் தொடக்க ஆண்டுகளில் கணினியின் துணையை நாடாது, தம் மூளையாலேயே கணித்துப் பழகவேண்டும் என்பது பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னாவின் முறை. சமவயதினர் எல்லோரும் கணினியிற் பயில, இவர் அம்முறையிலேயே நிலைத்து நின்றார். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார்.

நான்காவது எமக்குச் சற்றுக் கடினமானது. எமது பண்பாட்டில் ஆசிரியரை மறுத்துக் கதைப்பது மரியாதைக் குறைவு. "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அது எங்களுக்குச் சரிவராது" என்போம். மருத்துவரிடம் நோவை மறைத்தவனுக்கு மருந்து பிடிக்குமா? சொன்னது விளங்கவில்லை, செய்ய முடியவில்லை, இந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்பவற்றைப் பயிற்றுநரின் முகத்துக்கு நேரே, பணிவாக, அன்றே சொல்லிவிடவேண்டும். அதைக் கேட்டுச் சினக்கும் பயிற்றுநரை விட்டு விலகிவிடலாம்.

இனி, வன்னியைப் பொறுத்தமட்டில் மிக முக்கியமான ஒன்று. பயிற்றுநர் யாவற்றுக்கும் மருந்து அல்லர். உலகப் போட்டிக்குச் சென்ற குகேஷுக்குக் காய் நகர்த்தலில் உதவ கிரெகோர்ஸ் கயேவ்ஸ்கியும், மனத்தைப் பக்குவப்படுத்த பாடி அப்டனும் என்று வேறுவேறு துணைவர்கள் இருந்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்யவில்லை. எங்கள் மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, உறக்கமின்றித் தவிக்கும் முன்னாள் போராளி ஆகியோரிடம் "நேர்மறையாகச் சிந்தியுங்கள்" என்று சொல்வது பயிற்சியன்று, கொடுமை. அவர்கள் நாடவேண்டியது உளவளத்துணையாளரையும் உளநல மருத்துவரையும். நாளாந்தக் கருமங்களைச் செய்யமுடியாதபடி மனம் சோர்ந்திருப்பவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர். அங்கும் தம்மிடமே வரச்சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வைத்தியர், சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்ளப் பதிவு வேண்டும். பயிற்றுநர் என்று பலகை மாட்ட எவருக்கும் தடையில்லை. ஆகையால் பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டும்: என்னைப் போன்ற எவருடன் வேலை செய்திருக்கிறீர்கள்? அவருடன் நான் கதைக்கலாமா? எத்தனை சந்திப்பில், எதை வைத்து முன்னேற்றத்தை அளப்போம்? எப்போது நிறுத்துவோம்? இறுதிக் கேள்வி முதன்மையானது. அண்ணாவியாரின் பணி அரங்கேற்றத்தோடு நிறைவுறுகிறது. அதன் பின் ஆடுபவன் தன் காலில் நிற்கவேண்டும். முடிவுத் திகதி இல்லாத பயிற்சி, தங்கியிருப்பதற்கே பழக்கிவிடும். நுண்கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதை எவரும் நினைத்தும் பார்க்கக்கூடாது.

திட்டம் தீட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. நாற்பது பேருக்கு ஒரு நாள் செயலமர்வு நடத்தும் செலவில், ஐந்து பேருடன் ஆறு மாதம் ஒருவர் தொடர்ந்து நடக்கமுடியுமா என்று கணக்குப் பார்க்கட்டும். அந்த ஒருவர் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. கரைத்துறைப்பற்றிலேயே கச்சான் பயிரிலும் கடற்றொழிலிலும் கடை நடத்துவதிலும் தேர்ந்து ஓய்ந்திருக்கும் மூத்தோர் இருக்கிறார்கள். அறிக்கையில் நாற்பது என்ற இலக்கம் அழகாகத் தெரியும் என்பது உண்மையே. அந்த அழகு எவருடைய கடனையும் அடைத்ததில்லை.

முல்லைத்தீவுக்குப் புகையிரதப் பாதை கிடையாது. மாங்குளத்தில் கோச்சியை விட்டு இறங்கியவர், ஒட்டுசுட்டான் வழியாகத் தண்ணீரூற்றுக்குப் போய்ச்சேர வேறு வழி பார்க்கவேண்டும். எத்தகைய பயிற்றுநரும் அந்த மாங்குளம்வரை வருவார். மீதித் தூரம் எம்முடையது.