ஆறிய எஞ்சினில் ஒருமுறை

போன கிழமை மச்சானின் லொறி மொனராகலை கராஜ் ஒன்றில் இரண்டு நாள் கிடந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ‘டிக் டிக்’ என்று கேட்கும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். டெப்பட் சத்தம் என்று நினைத்துப் பல மாதம் ஓட்டியிருக்கிறார். கெபினைச் சாய்த்தபோது எஞ்சின் புகையை வெளியேற்றும் மெனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கரி.

பழைய ஜப்பான் லொறி. எஞ்சின் சாரதியின் சீட்டுக்கு நேர் கீழே. அங்கே கசிகிற புகை கெபினுக்குள்தான் ஏறும். அதில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ கிடையாது. இரத்தத்தோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டீசலில் அது பெற்றோலைவிடக் குறைவு, உண்மைதான். ஆனால் கண்ணாடியை மூடிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு அந்தக் குறைவை நம்பி இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மச்சானின் தலையிடியைத் தூக்கக் குறைவு என்றே வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெல்லவாயவில் இருந்து எல்லவுக்குப் பாரத்தோடு ஏறும்போது மெனிபோல்டுக்குள் ஓடும் புகை 500 பாகை செல்சியஸைத் தாண்டும். இறங்கி வந்தால் ஆறும். இப்படி வார்ப்பிரும்பு விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கித்தான் மெனிபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் முறிகிறது. வேறு லொறி எடுக்கவும் வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அத்தனை வருஷமும் இந்த ஊர் மரக்கறியையும் வாழைக்குலையையும் சுமந்தவை இந்தப் பழைய எஞ்சின்கள்தான்.

மச்சானின் லொறியில் கடைசி ஸ்டட் ஹெட் மட்டத்தோடு முறிந்திருந்தது. கராஜ் பாஸ் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, ஸ்பேனரைக் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே அசைத்தார்.

“அவசரப்பட்டா ஹெட்டையே கழட்ட வேண்டி வரும்ணே.”

முக்கால் மணித்தியாலம் கழித்து ஸ்டட் முழுசாக வெளியே வந்தது. மெனிபோல்டின் முகத்தில் இரும்பு ரூலரை வைத்துப் பார்த்தார். கடைசி ஓட்டையருகே பீலர் கேஜ் தகடு சுலபமாக நுழைந்தது. லேத்துக்கு அனுப்பி முகம் சீவி வந்த பிறகுதான் புது கேஸ்கட்டைப் பிரித்தார். பழையதற்குச் சிலிக்கன் பூசிச் சமாளிக்கும் பேச்சே அவரிடம் இல்லை.

இறுக்கியதும் நடுவில் தொடங்கி, இப்படி ஒன்று அப்படி ஒன்றாக ஓரத்துக்குப் போய், மூன்று சுற்றில். ஓரங்களை முதலில் பிடித்துவிட்டால் நடு சரியாக உட்காராது, புது ஸ்டட்டும் முறியும்.

ஒரு நாள் ஓடிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறியதும் திரும்பி வரச் சொன்னார், இன்னொருமுறை இறுக்கிப் பார்க்க. லோட் இருக்கிறது என்று மச்சான் தட்டிக்கழிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. போனோம். இரண்டு நட் கொஞ்சம் இளகியிருந்தன.

லொறி, வேன் வைத்திருக்கும் தம்பிமாரே, உங்கள் பாஸ் திரும்பி வரச் சொன்னால் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுத்துவிடுங்கள்.