பாண்டி பஜார் யாருடைய தெரு?

பாண்டி பஜார் என்பது சௌந்தரபாண்டியனார் அங்காடி. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தால் பேருந்து உரிமம் ரத்தாகும் என்று எச்சரித்த ஜில்லா போர்டு தலைவர் அவர். பொதுத்தெருவில் எல்லோரும் நடக்கலாமென்று சென்னை சட்டமன்றம் தீர்மானம் போட்டதே 1924-இல்தான்.

2019-இல் அதே பஜார் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை வளாகமானது. நல்லது, வாகனத்தைவிட மனிதர் முக்கியம். ஆனால் அங்கே கடை விரித்துப் பிழைத்தவர்களை 2013-லேயே மாடிக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்க வருகிறவருக்கு இருக்கை போட்ட தெருவில், உழைத்துப் பிழைத்தவருக்கு இடமில்லை.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அதில் பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் வேண்டும். அடுத்த தெருவை அழகுபடுத்தும் முன் அந்தக் குழுவைக் கேளுங்கள். சௌந்தரபாண்டியனார் பெயருக்கு அதுதான் மரியாதை.