காய்கறிக் கூடையும் மனச்சான்றும்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம். அண்மையில் பணிமாற்றத்தால் கடலூருக்குக் குடிவந்த இளம் தாய் ஒருவர் நம்மை அணுகி, "சாமி, இந்த ஊரில் நல்ல காய்கறியும் பழமும் எங்கே கிடைக்கும்?" என்று வினவினார். சாமியாரிடம் கேட்கும் கேள்வியா இது என்று அருகில் நின்ற ஒருவர் நகைத்தார். நாம் நகைக்கவில்லை. அன்றாட உணவுக்காகத் தந்தையிடம் மன்றாடும்படி நமக்குக் கற்பித்தவர் ஆண்டவர் இயேசுவே அன்றோ? தம் பிள்ளைகளுக்கு நல்லுணவு ஊட்ட விரும்பும் தாயின் கேள்வியும் ஞானக் காரியத்தைச் சேர்ந்ததே. அன்று அவசரத்தில் இரண்டு வரியில் சொன்ன பதிலை இங்கே விரிவாகத் தருகிறோம். அன்று சொல்ல நா எழாத ஒன்றையும் இறுதியில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது ஒரு பொது விதி. செடியிலிருந்து நமது அடுப்படிக்கு வருமுன் ஒரு காய் எத்தனை கை மாறுகிறது, எத்தனை மணி நேரம் மூட்டையில் கிடக்கிறது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. கேரட், முட்டைக்கோஸ் போன்ற மலைக் காய்களைக் கடலூரில் எந்தக் கடையில் வாங்கினாலும் அவை நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவையே. ஆனால் கத்தரி, வெண்டை, புடலை, பாகல், பீர்க்கு, சுரை, கொத்தவரை, முருங்கை, கீரை, வாழை ஆகியன நம் மாவட்டத்து மண்ணிலேயே விளைகின்றன. கடலூரை அடுத்த ராமாபுரம் பகுதியில் வாழைத் தோட்டங்கள் உள்ளன. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் கத்தரியும் கொடிக்காய்களும் பயிராகின்றன. பண்ருட்டிச் செம்மண்ணின் பலாவைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமோ? சிதம்பரம் என்றதும் கத்தரிக்காய்க் கொத்சு நினைவுக்கு வருவதும் காரணமின்றி அன்று. பாலூரில் உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் கத்தரியிலும் பலாவிலும் நல்ல இரகங்களை வெளியிட்டு நம் உழவர்க்குத் துணை நிற்கிறது. ஆகவே, அந்தந்தப் பருவத்தில் அருகில் விளைந்ததை வாங்குபவர் பாதித் தேர்வில் வெற்றி பெற்றவர் எனலாம்.

அடுத்து, எங்கே வாங்குவது? நாம் முதலில் சுட்டுவது உழவர் சந்தையையே. விளைவித்தவரும் உண்பவரும் இடைத்தரகர் இன்றி நேருக்கு நேர் சந்திக்கட்டும் என்னும் நோக்கத்துடன், 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே பஞ்சாபிலும் ஆந்திரத்திலும் இத்தகைய சந்தைகள் தோன்றியிருந்தன. இடையில் சில ஆண்டுகள் நலிவுற்ற இத்திட்டம், 2006ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. கடலூர், சிதம்பரம் இரு நகரங்களிலும் உழவர் சந்தைகள் உள்ளன. நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பின்னரே உழவருக்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே கிடைக்கிறது. அன்றாட விலை பலகையில் எழுதி வைக்கப்படுகிறது. அவ்விலை மொத்த வியாபார விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருத்தல் வேண்டும் என்பது வகுக்கப்பட்ட நெறி. விற்பவருக்கும் நட்டமில்லை, வாங்குபவருக்கும் நட்டமில்லை. அதிகாலையில் செல்வோர்க்கே நல்ல சரக்கு கிட்டும். வெயில் ஏறியபின் சென்று, மிஞ்சியதைக் கண்டு முகம் சுளிப்பதில் பயனில்லை.

பலவகைச் சரக்கும் ஒரே இடத்தில் வேண்டுவோர்க்குத் திருப்பாதிரிப்புலியூரில் பான்பரி மார்க்கெட் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் கூடும் காராமணிக்குப்பம் சந்தை கருவாட்டுக்குப் பெயர்போனது எனினும், சுற்றுப்புறச் சிற்றூர்களின் விளைபொருள்களும் அங்கே வருகின்றன. இவையன்றி, இரு நகரங்களிலும் வீதியோரத்தில் கூடையை இறக்கி அமர்ந்திருக்கும் மூதாட்டிகளை மறந்துவிட வேண்டாம். அவர்கள் கூடையில் இருப்பது பெரும்பாலும் அன்று விடியற்காலையில் பறித்ததாகவே இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறையையும் சிறிது சொல்வோம். கத்தரிக்குக் காம்பு பசுமையாகவும் தோல் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். சுரையும் பீர்க்கும் கைக்குக் கனமாக இருப்பின் இளசு. கீரையில் ஓரிரு பூச்சித் துளைகள் இருப்பின் அஞ்ச வேண்டா. புழுவும் தின்னத் துணியாத கீரையைக் கண்டே அஞ்ச வேண்டும். எதையும் ஓடும் நீரில் நன்கு கழுவிய பின்னரே நறுக்குக. மாம்பழக் காலத்தில் கல் வைத்துப் பழுக்க வைக்கும் தீய வழக்கம் உண்டு. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. தோல் முழுதும் ஒரே சீராக மஞ்சளித்து, மணமின்றி, உள்ளே புளிப்பும் கடினமுமாக இருக்கும் பழம் ஐயத்துக்குரியது. பருவம் தொடங்குமுன் மாம்பழத்துக்கு ஆசைப்படுவதே இத்தீமைக்கு நாம் இடும் முதல் வித்து.

வெண்டைக்காயை மட்டும் ஏன் விட்டோம் என்று இல்லத்தரசிகள் கேட்பர். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது நம் வீடுகளின் தொன்று தொட்ட வழக்கம். ஆனால் ஒடித்ததை வாங்காமல் விட்டுச் சென்றால், அது கறுத்துப் பின்னர் விலை போகாமற் கிடக்கும். ஒடித்த காயை எடுத்துக்கொள்வதே நீதி. சிறு செயல்தான், எனினும் ஓர் ஏழையின் அன்றைய வருமானம் இத்தகைய சிறு செயல்களால்தான் கரைகிறது.

இனி, அன்று அத்தாயிடம் சொல்லாத செய்திக்கு வருகிறோம். 2022ஆம் ஆண்டு நாம் சிதம்பரம் பக்கத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். கோடைக்காலத்தில் ஒருநாள், கத்தரியும் கீரையும் சுமந்து ஒரு மூதாட்டி பங்கு இல்லத்தின் வாயிலுக்கு வந்தார். கீரைக்கட்டு ஒன்று பத்து ரூபாய் என்றார். மூன்று கட்டு இருபது ரூபாய்க்குத் தரும்படி நாம் வாதாடினோம். கத்தரியையும் புரட்டிப் பார்த்து, சொத்தை என்று குறை சொன்னோம். "கொடுக்கிறதைக் கொடுங்க சாமி" என்று அவர் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மலிவாக வாங்கிவிட்டோம் என்று உபதேசியாரிடம் பெருமையும் பேசினோம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், மேட்டூர் அணையின் உபரிநீர் லட்சம் கன அடிக்கு மேல் கொள்ளிடத்தில் பாய்ந்தது. கரையோரச் சிற்றூர்கள் தீவுகளாயின. திட்டுக்காட்டூர் போன்ற ஊர்களுக்குப் படகில்தான் செல்ல முடிந்தது. 2018ஆம் ஆண்டு பட்ட துன்பமே அவர்களுக்கு மீண்டும் நேர்ந்தது. நாமும் இளைஞர்களும் அரிசிப் பைகளுடன் ஒரு கரையோர ஊருக்குச் சென்றோம். வரிசையில் அதே மூதாட்டி நின்றார். நம்மை அடையாளம் கண்டு, நீர் நிறைந்திருந்த ஒரு பரப்பைச் சுட்டி, "அதுதான் சாமி என் கத்தரிக் கொல்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அரிசிப் பையை அவர் கையில் கொடுத்தபோது நம் கை நடுங்கியது. உழைப்பின் விலையாகக் கொடுக்க மறுத்த பத்து ரூபாயை அன்று தருமமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றைப் பெற்றிருந்தால் அவர் தலை நிமிர்ந்திருப்பார். மற்றொன்றைப் பெற அவர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

கள்ளத்தராசு பிடிக்கும் வணிகனை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துரைத்ததை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆனால் வாங்கும்போது சரக்கைப் பழித்துவிட்டு, அப்பால் சென்றதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்பவனை நீதிமொழிகள் நூல் 20ஆம் அதிகாரம் படம்பிடித்துக் காட்டுவதை நாம் அந்நாள்வரை நமக்கென வாசித்ததில்லை. பொருள் வாங்குதல் என்பது பணக் கணக்கு மட்டுமன்று, எப்போதும் ஓர் ஒழுக்கச் செயலுமாகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டின் சுற்றுமடலில் போதித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் அதனையே நமக்கு நினைவூட்டினார்.

இதனால் எவரும் ஏமாற வேண்டும் என்றோ, அழுகியதை வாங்க வேண்டும் என்றோ நாம் கூறவில்லை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்களின் நெருக்கடியையும் அறிவோம். விலையை விசாரிப்பதும் எடையைச் சரிபார்ப்பதும் உங்கள் உரிமை. ஆனால் விலைச்சீட்டு ஒட்டிய கண்ணாடிக் கடையில் வாய் திறவாமல் பணம் செலுத்திவிட்டு, தரையில் அமர்ந்திருப்பவரிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது நீதியாகுமா? 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வீசியபோது, பண்ருட்டிப் பகுதியில் பல்லாண்டு வளர்ந்த பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்ததை நாம் கண்ணாரக் கண்டவர்கள். நாம் கொடுக்கும் விலையில், அவர்கள் தாங்கும் அந்த ஆபத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஓர் எளிய முடிவு எடுக்கலாகாதா? வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உழவர் சந்தைக்குச் செல்லுங்கள். இந்தக் காய் எந்த ஊரில் விளைந்தது என்று விளைவித்தவரிடமே கேட்கச் சொல்லுங்கள். தெருவில் வரும் கூடைக்காரரிடம் நியாயமான விலையைப் பேரமின்றிக் கொடுங்கள். பங்குத் திருவிழா அசனத்துக்குக் காய்கறி வாங்கும் பொறுப்பாளர்களும் தரகு மண்டிக்குச் செல்லுமுன், நம் பங்கிலேயே உள்ள உழவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த மூதாட்டி வெள்ளம் வடிந்தபின் மீண்டும் நாற்று நட்டார். தை மாதத்தில் கத்தரிக் கூடையுடன் வாயிலுக்கு வந்தார். அவர் சொன்ன விலையைக் கொடுத்தோம். காய் முதல் தரமாகவே இருந்தது.

ஆண்டவர் உங்கள் இல்லத்து அடுப்பையும் உழவரின் நிலத்தையும் ஆசீர்வதிப்பாராக.