துரு கொன்றதா? லாபம் கொன்றதா?

இத்தாலி நாட்டின் ஜெனோவா துறைமுக நகரில், 2018 ஆகஸ்ட் 14 அன்று, கொட்டும் மழையில் மொராண்டி பாலம் இடிந்து விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். பாலத்தின் அடியில் வேலையிலிருந்த துப்புரவுத் தொழிலாளர் இருவரும் அவர்களில் அடக்கம்.

பழைய பாலம், பேய்மழை, விதி என்று சொல்லிக் கைகழுவலாமா? முன்கூட்டியே தெரிந்த ஆபத்துக்கு விதி என்றா பெயர்?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பைச் சிமெண்டின் காரம் காக்கிறது. கடற்காற்றின் உப்பும் ஆலைப் புகையும் சிறுகச் சிறுக உள்ளே இறங்கினால் அந்தக் காவல் போய்விடும். இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே மேலும் தண்ணீர் இறங்கும். வெளியே சாந்து நிற்கும். உள்ளே இரும்பு இற்றுக்கொண்டிருக்கும்.

1967-ல் திறந்த அந்தப் பாலத்தைத் தாங்கிய இரும்பு வடங்களைக் கான்கிரீட்டால் மூடியிருந்தார்கள். பாலத்தை வடிவமைத்த இஞ்சினீயர் மொராண்டியே 1979-ல் எச்சரித்தார்: துரு ஏறுகிறது, இடைவிடாத மராமத்து தேவை என்று. 1990-களின் தொடக்கத்தில் 11-ம் எண் தூணின் வடங்களில் துருவைக் கண்டு, வெளியே புது வடங்கள் பூட்டினார்கள். 9-ம் எண் தூணுக்கு அதைச் செய்யவில்லை. அப்போது சாலை சர்க்கார் ஸ்தாபனத்தின் கையில் இருந்தது. 1999-ல் தனியார் கைக்குப் போயிற்று. பிறகு என்ன? கம்பெனி சுங்கம் வசூலித்தது. பங்குதாரர்கள் லாபம் பெற்றார்கள். 9-ம் தூணை வலுப்படுத்தும் திட்டமோ 2017-ல்தான் தயாராயிற்று. வேலை தொடங்குமுன் அந்தத் தூணே விழுந்தது! வடத்தைத் தின்ற துருவே காரணம் என்று நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் 2020-ல் கூறினார்கள்.

துருப்பிடிப்பது இரும்பின் குணம். அதைக் கண்டும் காலம் கடத்துவது லாபவேட்டையின் குணம்.

தோழர்களே! உங்கள் தலைக்கு மேலும் உத்தரம் இருக்கிறது. ஆலைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். தொகுப்பு வீட்டை, வாய்க்கால் பாலத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் வழியே நீளக் கீறல் இருக்கிறதா? செங்காவிக் கறை வழிகிறதா? தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? உள்ளே துரு வேலை செய்கிறது! மேலே சாந்து பூசி, வெள்ளையடித்து மறைக்க விடாதீர்கள். இஞ்சினீயரை அழைத்துச் சோதிக்கும்படி, கம்பியைத் துரு நீக்கிச் செப்பனிடும்படி, சங்கமாகத் திரண்டு கேளுங்கள். மராமத்துச் செலவை மிச்சம் பிடிப்பவன் ஒருவன். உயிரை விடுபவன் வேறொருவன்!