வித்தியா சபைகளை அளக்குங் கோல் எது?

விழா மலர்களிலே கல்லூரியின் வளர்ச்சி கூறுங் கட்டுரையொன்று தவறாது இடம்பெறுதல் மரபு. இத்தனை ஆண்டில் இத்தனை மண்டபங்கள் எழுந்தன; இத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர்; இன்ன அதிபர் காலத்தில் இன்ன கிண்ணம் கிடைத்தது என்று அவை நிரல்படக் கூறும். அவற்றை வாசித்து மகிழாத பழைய மாணவர் இலர், யானும் மகிழ்பவனே. ஆயின், பாடசாலைகளை நடத்துஞ் சபைகளும் சங்கங்களும் திணைக்களங்களும் தத்தம் முன்னேற்றத்தை இவ்வகைக் கணக்கினாலேயே அளந்து நிறைவு கொள்ளுமாயின், அவ்வளவையை ஏற்றல் தகுமோ என்பதே ஈண்டு யான் எழுப்பும் வினா. தகாது என்பது என் துணிபு. ஒரு சபையின் பொறுப்பிற் படிக்கவந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இடைவழியிற் கைவிடப்பட்டனர் என்பதே முதலிற் கேட்கத்தக்கது. எத்தனை பேர் சிகரம் ஏறினர் என்பதைப் பின்னர்க் கேட்கலாம்.

பாடசாலையை அளக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்திலே 1862 இல் றொபேட் லோ என்பார் கொண்டுவந்த திருத்திய விதிகளின்படி, பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை பாடசாலைக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் சோதிப்பார். சித்தியடைந்த பிள்ளைகளின் தொகைக்கேற்ப நன்கொடைப் பணம் கிடைக்கும். இலங்கையிலும் 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததன் பின், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ற பணம் என்னும் இம்முறையே வந்து சேர்ந்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். வேலைக்குத் தக்க கூலிதானே என்பர். விளைவு வேறாயிற்று. இங்கிலாந்துப் பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முற்றாக மனனஞ் செய்து, எழுத்தைப் பாராமலே ஒப்பிக்கக் கற்றனர். சோதிக்கப்படாத பாடங்கள் மெலிந்தன. பணம் ஈட்டித் தரமாட்டாத பிள்ளை ஆசிரியனுக்குப் பாரமாயினான். தாமே பரிசோதகராய் இருந்த மத்தியூ ஆணல்ட் என்னும் புலவர் இம்முறையை விடாது கண்டித்து வந்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அங்கு அது கைவிடப்பட்டது. அளவுகோல் பிழைத்தால் அளக்கப்படும் பொருளும் அக்கோலுக்கேற்ப வளைந்துவிடுகின்றது. இன்று கட்டுரைப் பகுதிக்கு நான்கு கட்டுரைகளை மனனஞ் செய்துகொண்டு பரீட்சை மண்டபம் புகும் மாணவரைக் காணுந்தோறும் எனக்கு அந்தப் பரிசோதகரின் நினைவே வரும்.

இனி நம் நாட்டுச் சபைக்கு வருவோம். 1923 இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தை அறியாத சைவ மக்கள் இலர். அதற்கு உயிராய் நின்ற நியாயவாதி சு. இராசரத்தினம் அவர்களை 'இந்துபோட் இராசரத்தினம்' என்றே ஊர் அழைத்தது. சபையின் பெயரே ஒருவருக்கு அடையாகுமாயின் அவருடைய உழைப்பின் அளவை வேறு சொல்ல வேண்டுவதில்லை. மிஷன் பாடசாலையன்றி வேறு பாடசாலை காணாத கிராமங்களிலே அச்சங்கம் பாடசாலைகளை எழுப்பியது. சைவப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சைவ ஆசிரியர் வேண்டுமென்று திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலையை நிறுவியது. ஆதரவற்ற சிறுவருக்கு இல்லமும் அமைத்தது. பிற்காலத்தில் அதன் முகாமையில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் இருந்தன. இச்சங்கத்தின் முன்னேற்றத்தைப் பாடசாலைகளின் தொகையால் அளக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. அது பிழையன்று. பாடசாலையே இல்லாத ஊரில் ஒரு கொட்டிலை எழுப்புதலும் பெரும் முன்னேற்றமே. ஆனால் அத்தொகை, கட்டடத்தினுள்ளே நிகழ்ந்தது யாதென்பதைச் சொல்லாது.

உள்ளே நிகழ்ந்தவற்றுள் ஒன்றை விழா மலர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அக்காலத்துப் பாடசாலைகள் பலவற்றிலே, தாழ்த்தப்பட்ட குடிகளின் பிள்ளைகள் வாங்கில் இருக்க விடப்படவில்லை, நிலத்தில் இருத்தப்பட்டனர். மிஷன் பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. சைவப் பாடசாலைகளும் விலக்கல்ல. 1920 களின் இறுதியில், நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்று கட்டளை பிறந்தபோது எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. பிள்ளைகளை மறித்த பெற்றோர் உளர். தீக்கிரையாக்கப்பட்ட பாடசாலைகளும் உள. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கம் உறுதியாய் நின்றனர் என்பது நமக்கோர் ஆறுதல். நிலத்திலிருந்த அப்பிள்ளை வரவு இடாப்பில் ஒரு புள்ளியாகவே பதியப்பட்டான். வாங்கில் இருந்தவனுக்கும் அதே புள்ளி. நன்கொடைக் கணக்கில் இருவரும் ஒன்று. அவ்வாண்டின் அறிக்கையை எடுத்து வாசிப்பவர், வரவு பெருகியது கண்டு சபை முன்னேறியதாகவே முடிவு செய்வர். சிலர் இதனை இங்கே நினைவூட்டுதல் வேண்டுமோ என்பர். வேண்டும். கணக்கிலே தோன்றாத பிள்ளை எக்காலத்தும் ஒருவன் இருந்திருக்கின்றான். இக்காலத்தில் அவன் யாரென்று தேடுவதற்கேனும் அது வேண்டும்.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் கைக்கு மாற்றின. முகாமையாளர் போயினர், 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகமும் வந்தன. தேசிய பாடசாலைகள் மாத்திரம் மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. பாடசாலைதோறும் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் கூடிய அபிவிருத்திச் சங்கமும் உண்டு. ஆக, பழைய சபையின் பொறுப்பு இன்று பலர் கையிற் பகிரப்பட்டிருக்கின்றது. பகிரப்பட்ட பொறுப்புக்கு உரியவரைக் கண்டுபிடித்தல் எளிதன்று என்பது வேறு விடயம். இவர்கள் அனைவரும் தம் முன்னேற்றத்தைக் கூறும் மொழி ஒன்றே: சாதாரண தரத்தில் நூற்றுக்கு இத்தனை வீதம் சித்தி, ஒன்பது பாடங்களிலும் 'ஏ' பெற்றோர் இத்தனை பேர்.

அந்த வீதம் எதன் வீதம்? ஓர் உதாரணங் கொள்வோம். ஆறாந் தரத்தில் 120 பிள்ளைகள் சேர்ந்தனர் என்க. பதினோராந் தரத்தின் முடிவிற் பரீட்சைக்குத் தோற்றினோர் 90 பேர். சித்தியெய்தினோர் 72 பேர். பரீட்சைக் கணக்கின்படி இது 80 வீதம். ஒலிபெருக்கியிற் கூறத்தக்க எண்ணே. ஆனால் சேர்ந்தவர்களைக் கொண்டு வகுத்தால் 60 வீதம். இரண்டு எண்களுக்கும் இடையே முப்பது பிள்ளைகள் நிற்கின்றனர். வேறு பாடசாலைக்கு மாறிச் சென்றோர் அவருட் சிலர். மற்றையோர் கடைகளிலும் மேசன் வேலையிலும் கடற்றொழிலிலும் சேர்ந்தோர். இன்னுங் கொடியது ஒன்றுண்டு. பலவீனமான ஒருவன் பரீட்சைக்கு முன்னரே விலகிவிட்டால் வீதம் உயர்கின்றது. பிள்ளையை இழப்பதால் மதிப்புப் பெறும் ஒரு கணக்கை எந்த வணிகனும் வைத்திருக்கமாட்டான். ஐந்து வயது முதற் பதினான்கு வயதுவரை பாடசாலைக்கு வருதல் கட்டாயமென 1997 இன் ஒழுங்குவிதிகள் கூறின. 2016 இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. வரவைக் கவனிக்கும் குழுக்களுக்கும் அவ்விதிகளில் இடமுண்டு. சட்டம் முப்பது பேரையுந் தேடச் சொல்கின்றது. பெறுபேற்று அறிக்கையோ அவர்களை மறக்கச் சொல்கின்றது.

மற்றொரு கூறுபாடு நமது கல்லூரிபோன்ற பெருங் கல்லூரிகளைப் பற்றியது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டவரைத் தெரிந்து எடுத்துக்கொள்கின்றோம். எங்கோ ஒரு கிராமத்து ஆரம்பப் பாடசாலையில், இரண்டு வகுப்புக்களை ஒருங்கே வைத்துக் கற்பித்த ஓர் ஆசிரியை அப்பிள்ளைக்கு அகரம் தொடக்கினாள். ஆறு ஆண்டுகளின் பின் அவன் பெறும் ஒன்பது 'ஏ' நமது கணக்கில் ஏறுகின்றது. அப்பாடசாலையோ பிள்ளைத் தொகை குறைந்ததென்று மூடப்படும் பட்டியலில் ஏறுகின்றது. அவன் வந்தபோது எங்கே நின்றான், போகும்போது எங்கே நிற்கின்றான் என்ற இடைவெளியை அளந்தாலன்றி, நாம் எவ்வளவு கற்பித்தோம் என்பது புலப்படாது. ஆறாந் தரத்திற்கு வந்தும் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்கமாட்டாத பிள்ளையை எட்டாந் தரத்தில் வாசிக்கவைத்த சிறிய பாடசாலை, அவ்வளவில் நம்மை விஞ்சியதென்றே கூறுவேன். இதனைக் கேட்டு நண்பர் சிலர் என்னோடு பிணங்குவர். பிணங்கட்டும்.

எண்களே வேண்டாமென யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. எண்ணில்லாத சபை, பாராட்டுரையிலும் பொன்னாடையிலும் ஒளித்துக்கொள்ளும். வேண்டுவது வேறு எண்கள். மூன்றாந் தர முடிவில் எழுத்துக்கூட்டாது வாசிப்போர் எத்தனை பேர். கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் ஆசிரியர் இன்றிக் கழிந்த மாதங்கள் எத்தனை. குறிகட்டுவானிலிருந்து வள்ளமேறிச் செல்லவேண்டிய நெடுந்தீவிற்கு நியமனம் பெற்றவர் எத்தனை நாள் அங்கே நிலைத்தார் என்பனவெல்லாம் அலுவலகங்களில் உள்ள பதிவுகளிலிருந்தே திரட்டத்தக்கவை. புதிய பரீட்சை எதுவும் தேவையில்லை. 1995 இன் இடப்பெயர்வின்போது தென்மராட்சியிற் பிற பாடசாலைகளின் கட்டடங்களில் மாலைநேரம் வகுப்பு நடத்திய ஆசிரியர்களிடம், அன்று எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்பதைத் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை. அது நல்ல அளவுகோல்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வாயில் வளைவுக்கும் பார்வையாளர் மண்டபத்திற்கும் நீங்கள் வழங்கிய கொடையைக் கல்லிற் பொறித்துள்ளோம், நன்றி. அடுத்த மலர் வெளிவருமுன்னர், கடந்த பத்தாண்டுகளில் ஆறாந் தரத்திற் சேர்ந்தோர் தொகையையும் பதினோராந் தரம் முடித்தோர் தொகையையும், இடைநின்றோர் போன இடத்தையும், ஒரு பக்கத்தில் அச்சிடுமாறு மலர்க்குழுவினரைத் தூண்டுங்கள். சேர்விடாப்புகளும் விடுகைப் பத்திர அடிக்கட்டைகளும் அலுவலக அலுமாரியிலேயே இருக்கின்றன. விடுமுறையில் இரண்டு மாணவரைக் கொண்டு ஒரு வாரத்தில் முடிக்கத்தக்க வேலை.